கேடோ ஏரியில நாலாவது தடவை நிலைச்ச ஸ்கர்ட்

போன சனிக்கிழமை கேடோ ஏரியில 5 பவுண்டு 6 அவுன்ஸ்ல ஒரு லார்ஜ்மவுத் பாஸ் ஏறுச்சு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட ரெண்டரை கிலோ. அந்த மீனைவிட எனக்கு பெரிய சந்தோஷம் என்னன்னா, கயாக்குக்குள்ள தூக்கி வாயிலருந்து முள்ளை எடுக்கும்போது நான் கையால கட்டுன ஸ்கர்ட் வெயிட்டுக்குப் பின்னாடி வச்ச இடத்துலயே இருந்துச்சு, ஒரு இழை கூட கழண்டு போகல. ஜூன் மாசம் ஆரம்பிச்ச வேலை இது, மூணு டிசைன் தோத்துப் போயி அக்டோபர்லதான் நாலாவது நின்னுருக்கு, ஞாபகம் இருக்கும்போதே அளவு விலை எல்லாத்தையும் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சாஃப்ட் பிளாஸ்டிக்னா மெத்துமெத்துன்னு இருக்கற ரப்பர் புழு, நண்டு மாதிரி லூர், அதாவது பொய் இரை. ஸ்கர்ட்னா நம்ம ஊர்ல சடைல கட்டுற குஞ்சம் மாதிரி சன்னமான சிலிக்கான் இழைங்க ஒரு கொத்து. ஜிக்னு சொல்ற ஈயத்தலை முள்ளுல இது வழக்கமா இருக்கும். ஆனா டெக்சாஸ் ரிக்ல, அதாவது புல்லட் மாதிரி வெயிட்டு, அதுக்குப் பின்னாடி முள்ளு, முள்ளோட முனையை பிளாஸ்டிக்குக்குள்ளயே மறைச்சு வைக்கிற முறையில ஸ்கர்ட் கிடையாது. வெறும் லூர்தான் போகும். அதுல எப்படி ஸ்கர்ட்டை நிக்க வைக்கிறதுங்கறதுதான் இந்தக் கதை முழுக்க.

நான் இருக்கறது டல்லாஸ் பக்கம். கேடோ ஏரி டெக்சாஸ் லூசியானா எல்லையில இருக்கு, ஐ-20 பிடிச்சு மார்ஷல் வரைக்கும் போயி அங்கருந்து வடக்க திரும்பினா மொத்தம் 3 மணி நேரம் கிட்ட ஆகும். போற வழியில டைலர் ஊரை ஒட்டித்தான் ரோடு போகுது. நிக் கிரீம்ங்கறவர் 1949ல ஒஹையோ அக்ரன்ல பிளாஸ்டிக் புழு செஞ்சு விக்க ஆரம்பிச்சு, பின்னாடி கம்பெனியை டைலருக்குக் கொண்டு வந்தார், அந்தப் பக்கம் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஏரிக்கரையில இருக்கற ஊரோட பேரே அன்செர்ட்டன். ஏரி முழுக்க சைப்ரஸ் மரம், கிளையிலருந்து தாடி மாதிரி தொங்குற ஸ்பானிஷ் மாஸ், தண்ணி கடுங்காப்பி கலர்ல, ஆழம் பெரும்பாலான இடத்துல ஆளு உயரம்தான்.

அங்க 2006லருந்து ஜெயன்ட் சால்வீனியான்னு ஒரு மிதக்குற பாசி பெரும் தொல்லையா இருக்கு. பிரேசில்லருந்து வந்த செடி. கேரளா வயக்காடு, காயல் எல்லாத்தையும் மூடுன ஆப்பிரிக்கன் பாயல்னு சொல்றாங்களே, அதே செடிதான். அங்க 80கள்ல இதைத் தின்ற ஒரு சின்ன வண்டை விட்டு கட்டுப்படுத்துனாங்க, கேடோவுலயும் அதே வகை வண்டை வளர்த்து விட்டுட்டு இருக்காங்க. கோடை முடியும்போது இது ஒரு சாண் கனத்துக்கு கம்பளி விரிச்ச மாதிரி படர்ந்துடும். வெளிய 38 டிகிரி வெயில் அடிக்கும்போது அதுக்கு அடியில நிழல், பாஸ் மீனு அங்கதான் போயி நிக்கும். மேல இருந்து கனமான வெயிட்டைப் போட்டு பாசியைப் பொத்துக்கிட்டு லூரைக் கீழ இறக்கறதுக்குப் பேரு பன்ச்சிங்.

என் செட் முதல்லருந்து கடைசி வரைக்கும் மாறல. 7 அடி 6 இன்ச் ஹெவி ராடு, 8:1 ரீல், 65 பவுண்டு பிரெய்ட் லைன் (பின்னல் நூல்), 4/0 நேர் தண்டு ஃப்ளிப்பிங் முள்ளு, முள்ளைக் கட்டுற முடிச்சு ஸ்னெல். வெயிட்டு டங்ஸ்டன் 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம், அது லைன்ல நகராம பிடிச்சு வைக்க முன்னாடி ரப்பர் ஸ்டாப்பர் ரெண்டு. ஈயத்துல போட்டா விலை கம்மி, ஆனா அதே எடைக்கு உருவம் பெருசா இருக்கறதால பாசியில மாட்டும், அதனால மனசைக் கல்லாக்கிட்டு ஒண்ணு 7 டாலர்னு டங்ஸ்டன்தான். லூர் 4 இன்ச் பீவர் டைப், பட்டையான உடம்பு, பின்னாடி ரெண்டு துடுப்பு.

ஜூன்ல ரெண்டு சனிக்கிழமை வெறும் பீவர் லூரைப் போட்டு பன்ச் பண்ணேன். ரெண்டு நாளும் சேத்து ரெண்டே கடி. படகுத் துறையில பல வருஷமா அங்க மீன் பிடிக்கிற ஒரு பெரியவர் என் ரிக்கை கையில வாங்கிப் பாத்துட்டு, "இது சன்னமா இருக்கு, இருட்டுல மீனுக்கு இது போறது தெரியறதுக்குள்ள தரைக்குப் போயிடுது, மேல ஒரு ஸ்கர்ட் போடு"ன்னு சொல்லி அவர்கிட்ட இருந்ததுல ஒண்ணு குடுத்தார். அன்னைக்கு மதியமே அதுல ஒரு 3 பவுண்டு மீனு. அந்த ஸ்கர்ட்டை அடுத்த அரை மணி நேரத்துல சைப்ரஸ் வேருல வெயிட்டோட சேத்து விட்டுட்டேன். கடையில போயி பாத்தா ரெண்டு ஸ்கர்ட் 7 டாலர். ஒரு நாளைக்கு மூணு நாலு வேருல போயிடுற இடத்துல இது கட்டுப்படியாகாது, நாமளே கட்டிடுவோம்னு அப்ப முடிவு பண்ணதுதான்.

முதல் டிசைன்னு சொல்றதுக்கே ஒண்ணும் இல்ல, வீட்ல பழைய ஜிக் ஸ்கர்ட் ஒரு டஜன் கிடந்துச்சு, நடுவுல சின்ன ரப்பர் காலர் போட்டு வர்றது, அந்தக் காலரை சர்க்ளிப் பிளையரால விரிச்சு நேரா பீவர் லூரோட மூக்குமேல ஏத்திட்டேன். ஸ்கர்ட் பிளையர்னு தனியா விக்கிறாங்க, வாங்க வேண்டாம், மெக்கானிக் கடையில இருக்கற வெளிப்பக்கம் விரியிற சர்க்ளிப் பிளையர் போதும், முனையை மட்டும் அரத்தால மழுங்க தேச்சுக்கணும், இல்லன்னா காலர் கிழியும். கையில பாக்க அருமையா இருந்துச்சு. ஏரியில மூணாவது தடவை போட்டப்பவே காலர் நழுவி லூரோட இடுப்புக்குப் போயிடுச்சு. பாசி வழியா இறங்கும்போது எல்லா உராய்வும் அந்தக் காலர்மேலதான் விழுது, மெத்துன்னு இருக்கற பிளாஸ்டிக் அதைப் பிடிச்சு வைக்காது. ஒவ்வொரு தடவையும் மேல இழுத்து விட்டு இழுத்து விட்டு கடைசியில மூக்கே பிஞ்சு முள்ளு வெளிய வந்துடுச்சு. ஒரு காலைப்பொழுதுல 9 லூர் காலி, பாக்கெட்டுக்கு 8 தான், அப்ப ஒரு பாக்கெட்டுக்கு மேலயே போச்சு.

அதுக்கு சூப்பர் க்ளூ போட்டுப் பாத்தேன். இது ஒரு ராத்திரி முழுக்க வேஸ்ட். சூப்பர் க்ளூ பிளாஸ்டிக் புழுவை நல்லா ஒட்டும், கிழிஞ்ச லூரை நான் அதுலதான் ஒட்டுவேன், ஆனா சிலிக்கானை அது பிடிக்கவே பிடிக்காது. காலையில பாத்தா க்ளூ கண்ணாடிச் சில்லு மாதிரி இறுகி நின்னு, ஸ்கர்ட் தனியா கழண்டு வந்துச்சு. அந்த இறுகுன விளிம்பு லூரை வேற வெட்டிடுச்சு. தயாரிக்கும்போதே ஸ்கர்ட் சேர்ந்து வர்ற லூரும் உண்டு, யமமோட்டோ ஹுலா கிரப் மாதிரி, அது திறந்த தண்ணியில பாறை ஓரத்துல நல்ல லூர், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் கூட, ஆனா அதோட இழை சன்னம், மெத்து, சால்வீனியாவுல நாலு தடவை பொத்துனா பாதி இழை போயிடும். அப்பதான் ஒண்ணு புரிஞ்சுது, ஸ்கர்ட் லூர்மேல உக்காரவே கூடாது. வெயிட்டுக்கும் முள்ளுக்கும் நடுவுல லைன்ல தனியா ஒரு குழாய்மேல உக்காரணும், உராய்வு வந்தா அந்தக் குழாய் வாங்கிக்கும். கடை ஸ்கர்ட்டும் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் பெரியவர் குடுத்தது கையில இருந்தப்ப நான் சரியா கவனிக்கல.

ரெண்டாவது டிசைனுக்கு மீன் தொட்டிக்குப் போடுற ஏர் ட்யூப். உள்விட்டம் 4 மில்லி, வெளிவிட்டம் 6 மில்லி. 10 மில்லி நீளத்துக்கு பிளேடால வெட்டினேன். சிலிக்கான் இழை டேப் டேப்பா விக்கிறாங்க, ஒரு டேப்ல 20 இழை, ரெண்டு முனையும் ஒட்டியே இருக்கும், நீளம் 5 இன்ச் சொச்சம். டேப்பை குழாயைச் சுத்தி வச்சு நடுவுல கட்டணும், கட்டுனப்புறம் ஒட்டியிருக்கற முனையை நறுக்கினா இழை தனித்தனியா பிரியும். கட்டுறதுக்கு மீந்து போன 30 பவுண்டு பிரெய்ட் லைனை எடுத்தேன், சும்மா கிடக்குதேன்னு. இறுக்கும்போது அது கத்தி மாதிரி சிலிக்கானை அறுத்து ஒரே ஸ்கர்ட்ல 11 இழை கையோட வந்துடுச்சு. தையல் நூலும் பாத்தேன், தண்ணியில ஊறி தளந்துடுச்சு. கடைசியில 26 கேஜ் செம்புக் கம்பி, 0.4 மில்லி கனம், மூணு சுத்து சுத்தி பிளையரால முறுக்குனா போதும், இழையை வெட்டவும் இல்ல, தளரவும் இல்ல. கட்டுற விஷயத்துல இதுக்கப்புறம் நான் எதையும் மாத்தல.

கட்டு நின்னுடுச்சு, ஆனா குழாய் நிக்கல. மெத்துக் குழாய்ங்கறதால கம்பியை இறுக்கும்போது குழாயும் சேந்து சுருங்கி, உள்ள இருந்த 4 மில்லி ஓட்டை 3 மில்லிக்கும் கீழ போயிடுச்சு. 3 மில்லி ட்ரில் பிட்டை உள்ள விட்டுட்டுக் கட்டிப் பாத்தேன், பிட்டை உருவுனதும் மறுபடி கொஞ்சம் சுருங்கிக்குச்சு. பரவால்ல லைன் போகுதுல்லன்னு விட்டுட்டேன், அதுதான் தப்பு. ஜூலை கடைசியில ஒரு நாள்ல 5 கடி நல்லா வந்துச்சு, அஞ்சுக்கும் ராடை வெடுக்குன்னு இழுத்தேன், ஒண்ணே ஒண்ணுதான் கயாக்குக்கு வந்துச்சு. ராடு வளையும், ரெண்டு செகண்டு கனம் தெரியும், அப்புறம் லூரு மட்டும் பறந்து வரும்.

அன்னைக்குக் கூட வந்தது நாகர்கோவில் தம்பி ஒருத்தர், எங்க ஆபீஸ்தான். ஊர்ல கடல் மீன் பிடிச்சுப் பழகுன கை. திரும்பி வர்ற வழியில கார்ல ரிக்கை வச்சு நோண்டிட்டே வந்தவர், "அண்ணே, இந்த முள்ளு திரும்பவே மாட்டேங்குது பாருங்க"ன்னார். வாங்கிப் பாத்தா சரியாத்தான் சொன்னார். ஸ்னெல் முடிச்சோட வேலையே, லைனை இழுக்கும்போது வெயிட்டு முள்ளோட கண்ணுல இடிச்சு முள்ளு முனை வெளிப்பக்கமா ஒரு உதறு உதறணும், அந்த உதறுலதான் மீனோட மேல்வாய்ல முள்ளு ஏறும். என் குழாய் முள்ளோட கண்ணுமேல தொப்பி மாதிரி இறுக்கமா ஏறி உக்காந்துக்கிட்டு அந்த உதறை அடைச்சு வச்சிருந்துச்சு. முள்ளு நேரா நிக்குது, நேரா வெளிய வருது. மீனு தப்பு இல்ல, ராடு தப்பு இல்ல, ஒன்றரை மில்லி ஓட்டைக் கணக்கு. அந்த நாலு மீனையும் நெனச்சு எனக்கு ரெண்டு நாள் சரியா தூக்கமே இல்ல.

அப்ப வேண்டியது கெட்டியான குழாய், ஓட்டை பெருசா. வீட்ல இருந்த பழைய பால்பாயிண்ட் பேனா ஞாபகம் வந்துச்சு. அதுதான் மூணாவது டிசைன். கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கற பிளாஸ்டிக் பேனாக் கூடு, ஹேக்சா பிளேடால 9 மில்லி துண்டு துண்டா அறுத்து, விளிம்பை சாண்ட் பேப்பர்ல தேச்சு, கம்பி நழுவாம இருக்க நடுவுல முக்கோண அரத்தால ஒரு பள்ளம். உள்ள 5 மில்லி சொச்சம் ஓட்டை, முள்ளோட கண்ணு உள்ள போயி சுதந்திரமா ஆடுச்சு. ஆகஸ்ட் முதல் வாரம் கொண்டு போயி 4 கடிக்கு 3 மீனு. வேலை முடிஞ்சுதுன்னே நெனச்சேன், 14 ஸ்கர்ட் கட்டி, பாதியை ரிக்காவே கோத்து லூரோட சேத்து டப்பாவுல போட்டு காரேஜ்ல வச்சுட்டேன். அடுத்து ரெண்டு வாரம் ஆபீஸ் ரிலீஸ், போக முடியல.

திறந்து பாத்தா பேனாக் கூடு எல்லாம் லூரு தொட்டுட்டு இருந்த பக்கம் கரைஞ்சு பிசுபிசுன்னு மிட்டாய் பாகு மாதிரி இழுபடுது. சில துண்டு முள்ளோட கண்ணோட சேந்தே ஒட்டிக்கிச்சு. இந்த மெத்து லூருங்கள்ல பிளாஸ்டிக்கை இளக்கமா வச்சிருக்க ஒரு எண்ணெய் கலந்திருப்பாங்க, அது அந்த மாதிரி கெட்டி பாலிஸ்டைரீனைக் கரைச்சுடும். லூர் வைக்கிற டப்பா சிலது உருகுறதை ஏற்கனவே பாத்திருக்கேன், அதுக்குன்னு எண்ணெய் தாங்குற டப்பாதான் வாங்குவேன், பேனாவும் அதே ஜாதி பிளாஸ்டிக்னு தோணவே இல்ல. டெக்சாஸ் ஆகஸ்ட் காரேஜ் சூடு வேற அதை சீக்கிரம் முடிச்சு வச்சுடுச்சு. 14ல 9 குப்பைக்குப் போச்சு. சிலிக்கான் இழை மட்டும் ஒண்ணும் ஆகல, கம்பியை அவுத்து இழையைக் காப்பாத்தி வச்சுக்கிட்டேன்.

சரியான பொருள் ஹார்டுவேர் கடையில போல்ட் நட்டு இழுப்பறையில இருந்துச்சு. நைலான் ஸ்பேசர். வெளிவிட்டம் 3/8 இன்ச், அதாவது 9.5 மில்லி, உள்விட்டம் 1/4 இன்ச், 6.4 மில்லி, நீளம் 3/8 இன்ச். ஒண்ணு 60 சென்ட். நைலானை லூர் எண்ணெய் ஒண்ணும் பண்ணாது, ஆனாலும் இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடம் வைக்காம மூணு ஸ்பேசரை லூரோட சுத்தி கார் டேஷ்போர்டுல 10 நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் மேல வேலை செஞ்சேன். வச்ச மாதிரியே இருந்துச்சு.

அளவுல ஒரு விஷயம் முக்கியம். என் 1 அவுன்ஸ் வெயிட்டோட அடிப்பக்கம் 12 மில்லி. ஸ்பேசர் 9.5, அதுல இழையும் கம்பியும் ஏறுனா 11.5 கிட்ட வரும், வெயிட்டோட நிழல்லயே ஒளிஞ்சுக்கும். இதைவிட பெருசா போனா வெயிட்டு போட்ட ஓட்டைக்குள்ள ஸ்பேசர் போகாது, பாசிமேல தட்டி நின்னுடும். ஸ்பேசர்ல பள்ளம் போட நான் செஞ்சது, ஒரு போல்ட்ல ஸ்பேசரைக் கோத்து நட்டு போட்டு இறுக்கி, போல்ட்டை ட்ரில் மெஷின்ல மாட்டி மெதுவா சுத்தவிட்டு ஊசி அரத்தை வச்சுப் பிடிச்சேன். 20 செகண்டுல முக்கால் மில்லி ஆழத்துக்கு வட்டமா பள்ளம் வந்துடும். சுவரு கனம் ஒன்றரை மில்லிதான், ஆழமா போயிடாதீங்க. கண்ணாடி போட்டுக்கங்க, நைலான் தூசு பறக்கும்.

இழை எத்தனைங்கறதுல நான் நிறைய நேரம் செலவழிச்சேன், ஏன்னா பாசி ஏரியிலதான் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் 3 மணி நேரம் ஓட்ட முடியாது. சால்வீனியாவை ஒரு கிளை கூட வீட்டுக்குக் கொண்டு வரவும் கூடாது, அது டெக்சாஸ்ல சட்டப்படி குத்தம், அபராதம் உண்டு, அதனால அந்த யோசனையே வேண்டாம். நான் புல்வெளி வெட்டும்போது வந்த புல்லை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில தண்ணி நிரப்பி 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பிட்டு, நாற்காலி போட்டு உக்காந்து, கயாக்ல உக்காந்து வீசுற அதே உயரத்துலருந்து ஒவ்வொரு ஸ்கர்ட்டையும் 20 தடவை போட்டு எண்ணினேன். ஸ்கர்ட் இல்லாத வெறும் லூர் 20க்கு 19 தடவை பொத்துச்சு. 60 இழை போட்டது 7 தடவைதான் போச்சு, மீதி எல்லாம் மேலயே குடை விரிச்ச மாதிரி உக்காந்துக்குச்சு. 40 இழை 15.

இங்கயும் நாகர்கோவில் தம்பிதான் கை குடுத்தார். "அண்ணே, முன்னாடி பக்கம் நீட்டிட்டு இருக்கறதுதான் தடுக்குது, அதை மட்டும் குட்டையா வெட்டிப் பாருங்க"ன்னார். நான் அதுவரைக்கும் இழையை நட்ட நடுவுல கட்டிட்டு இருந்தேன், முன்னாடி 30 மில்லி, பின்னாடி 30 மில்லி. முன்பக்கத்தை 15 மில்லிக்கு வெட்டி பின்பக்கத்தை 47 மில்லி விட்டு, நாலு இழையைக் குறைச்சு 36 ஆக்குனப்புறம் 20க்கு 18. முன்னாடி இருக்கற அந்தக் குட்டை இழைங்களை மொத்தமா எடுத்துடவும் கூடாது, எடுத்துப் பாத்தேன், ஸ்கர்ட் லூர்மேல படிஞ்சு செத்துப் போயிடுது. அந்த 15 மில்லி குட்டைதான் தண்ணிக்குள்ள போனதும் பின்பக்க இழைங்களை நெம்பி விரிச்சு மூச்சு விடற மாதிரி அசைய வைக்குது. தொட்டியில பக்கவாட்டுலருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா தெளிவா தெரியும். பாக்கவே அவ்வளவு அழகா இருக்கும், நானும் என் பொண்ணும் அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் அதையே பாத்துட்டு இருந்தோம்.

ஆக இப்ப கட்டுற முறை இதுதான். டேப்பை நடுவுல வெட்டினா 62 மில்லில ரெண்டு துண்டு. வெட்டுன பக்கம் இழை சிதறும், அதுல ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கணும். ஸ்பேசரை ஒரு பென்சில்ல இறுக்கமா கோத்து, ரெண்டு துண்டை எதிரெதிரா பள்ளத்துமேல வச்சு, ரப்பர் பேண்டால தற்காலிகமா பிடிச்சு, இழைங்களை விரலால சுத்திப் பரப்பி, செம்புக் கம்பி மூணு சுத்து, நாலு முறுக்கு. கம்பி வாலை 3 மில்லிக்கு வெட்டி பள்ளத்துக்குள்ளயே மடக்கி அழுத்தணும். இதை மறந்த ஒரு ஸ்கர்ட்ல கம்பி முனை பிரெய்ட் லைனை உரசி உரசி, வேருல மாட்டி ஒரு இழு இழுத்ததும் முடிச்சுக்கு மேல அத்துக்கிச்சு. அப்புறம் மாஸ்கிங் டேப்பை உரிச்சு, ஒட்டியிருக்கற முனையை இழுத்துப் பிடிச்சு நறுக்கினா முடிஞ்சுது. முதல் ஸ்கர்ட்டுக்கு 25 நிமிஷம் ஆச்சு, இப்ப 6 நிமிஷம்.

கோக்குற வரிசை: லைன்ல முதல்ல ரெண்டு ஸ்டாப்பர், அப்புறம் வெயிட்டு, அப்புறம் ஸ்கர்ட், கடைசியில முள்ளு. ஸ்கர்ட்டோட குட்டைப் பக்கம் வெயிட்டைப் பாத்து இருக்கணும். ஸ்டாப்பரைத் தள்ளும்போது வெயிட்டு, ஸ்கர்ட், முள்ளு மூணும் இறுக்கமா ஒட்டக்கூடாது, நடுவுல 3 மில்லி ஆட்டம் விடுங்க. இறுக்கித் தள்ளுனா ஏர் ட்யூப்ல வந்த அதே வினை திரும்ப வரும்.

கலர் விஷயத்துல நான் ரொம்ப மெனக்கெடல. கேடோ தண்ணி இருட்டு, அடியில வெளிச்சமே இல்ல, கருப்பும் நீலமும் கலந்து 24 இழை, கரும்பச்சை 12. ஆரஞ்சு ரெண்டு இழை சேத்துப் பாத்தேன், வித்தியாசம் எதுவும் சொல்ற மாதிரி இல்ல.

செலவு சொல்லிடுறேன். ஒரு ஸ்கர்ட்டுக்கு ஸ்பேசர் 60 சென்ட், 10 டேப் பாக்கெட் 7 டாலர்ங்கறதால ஒரு டேப்பு 70 சென்ட், கம்பி அஞ்சு சென்ட் கூட வராது. 1 டாலர் 35 சென்ட்ல முடியுது, கடையில 3.50. இது இப்ப வர்ற விலை. தோத்துப் போன சிலிக்கான், லூர், ட்யூப், க்ளூ எல்லாம் சேத்தா 60 டாலருக்கு மேல போயிருக்கும், அதைக் கழிக்கணும்னா மொத்தம் 28, 29 ஸ்கர்ட் கட்டணும், 20 கட்டியாச்சு.

செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர்லயும் மூணு தடவை இதோட போயிட்டு வந்தேன். தொட்டியில 1 அவுன்ஸ் போதுமா இருந்துச்சு, ஏரியில பழுப்பா காய்ஞ்சு ரெண்டு மூணு அடுக்கா குவிஞ்ச சால்வீனியாவுல போதல, 1.25 அவுன்ஸ் போட வேண்டி வந்துச்சு. மூணு நாள்ல 13 கடி, 10 மீனு, நழுவுன ஸ்கர்ட் ஒண்ணும் இல்ல, வேருல போனது 4. எல்லா கடியும் லூர் தரை தொட்டப்புறம் ஒரே ஒரு தடவை ராடு முனையால தூக்கி விட்டப்பதான், தரையிலருந்து மறுபடி மேல வந்து பாசியோட அடிப்பக்கம் லேசா முட்டும் பாருங்க, அந்த இடம். அந்த 5 பவுண்டு 6 அவுன்ஸும் அப்படித்தான், இடிச்சதே தெரியல, லைன் மட்டும் பக்கவாட்டுல நகந்துச்சு. எல்லாத்தையும் திரும்ப விட்டாச்சு, கேடோ பாஸ் மீனுக்குப் பாதரச எச்சரிக்கையும் இருக்கு, நான் அங்க சாப்பிட எடுக்கறதில்ல. கயாக்கை ஏத்தறதுக்கு முன்னாடி அடியில, சீட்டு இடுக்குல, ஸ்கர்ட் இழைக்குள்ள கூட ஒட்டியிருக்கற பாசியை ஒண்ணு விடாம எடுத்துடுவேன். ஸ்கர்ட்லதான் ஒளிஞ்சுக்கும், விரலால கோதிப் பாக்கணும்.

அடுத்த தடவை மாத்தணும்னு நெனைக்கிறது ரெண்டு. ஸ்பேசரோட முன் விளிம்பை கொஞ்சம் கூம்பா தேய்க்கணும், இப்ப வெட்டுன மாதிரி நேரா இருக்கறதால மேல இழுக்கும்போது ஒரு கொத்து பாசி அங்க சேருது. செம்புக் கம்பி நாலு வாரத்துல பச்சை பூத்துடுது, இழையை ஒண்ணும் பண்ணல, ஆனாலும் ஸ்டெயின்லெஸ் கம்பி அதே 0.4ல ஒரு சுருள் வாங்கியிருக்கேன், அது இன்னும் விறைப்பா இருக்கும், முறுக்கும்போது இழையை வெட்டுதான்னு பாக்கணும்.

இன்னொண்ணு, பட்டுக்கோட்டை பக்கம் எங்க மாமா ஆகாயத்தாமரை மூடுன குளத்துல விராலுக்குத் தவளையைக் கோத்துப் போடுறவர், வாட்ஸ்அப்ல இந்த ஸ்கர்ட்டைப் பாத்துட்டு "மாப்ள, எனக்கும் நாலு கட்டிக் கொண்டா, ஆனா ஈயம் வேணாம், விராலு மேல வந்துதான் அடிக்கும், மெதக்கணும்"னார். மெதக்கணும்னா நைலான் சரிவராது, தக்கைத் துண்டுல ஓட்டை போட்டு 20 இழையில ரெண்டு கட்டி வச்சிருக்கேன், தொட்டியில மெதக்குது, டிசம்பர்ல ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போறேன்.